ஸ்காடாவா, ஐஓடியா, பிஎம்எஸ்ஸா? 43 வரிப் பட்டியலில் 19 'மற்றவை'

துவாஸ் இரவுப்பணி | இரவு 11:40

எங்கள் ஆலையில் டேட்டா திரட்டும் அமைப்புகள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக இதே வேலை. பம்ப் அறை, காற்றழுத்த கம்பிரசர்கள், கழிவுநீர்த் தொட்டி, மின்மீட்டர்கள், கூலிங் டவர், கிடங்கில் தொங்கும் வெப்பமானிகள் என்று எங்கெங்கோ கிடக்கும் கருவிகளிடமிருந்து எண்களை வாங்கி ஓரிடத்தில் சேர்க்கிற எதுவாக இருந்தாலும் பட்டியலில் ஏற வேண்டும். இதுவரை 43 வரி சேர்ந்திருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், தலைமையகம் அனுப்பிய எக்செல் தாளில் 'அமைப்பின் வகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தட்டினால் ஐந்தே தேர்வு: ஸ்காடா (தொலைவிலிருந்து மேற்பார்வை), டிசிஎஸ் (ஆலைக்குள் பகிர்ந்த கட்டுப்பாடு), பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை), ஐஓடி (இணையத்தில் இணைந்த கருவிகள்), மற்றவை. எனக்கு 43-இல் 19 'மற்றவை'யில் போய் விழுந்துவிட்டது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு 'மற்றவை' என்றால் அது என்ன வகைப்பாடு?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கம்பிரசர் விற்ற நிறுவனம் அதன் பக்கத்திலேயே சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருக்கிறது. அதிர்வு, ஓடிய மணிநேரம், எண்ணெய் வெப்பம் எல்லாம் நேராக அவர்கள் கிளவுடுக்குப் போகிறது, எங்கள் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. இது ஐஓடி என்று எழுதிவிடலாம். ஆனால் அதே கம்பிரசரின் கன்ட்ரோலரை எங்கள் பிஎல்சியும் (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) மோட்பஸ் என்ற தொடர்பு மொழி வழியாகப் படிக்கிறது, அந்த பிஎல்சியை ஸ்காடா படிக்கிறது, ஸ்காடாவிடமிருந்து பழைய எண்களைச் சேமித்து வைக்கும் ஹிஸ்டோரியன் எடுக்கிறது, ஹிஸ்டோரியனிலிருந்து எரிசக்தி டேஷ்போர்டு எடுக்கிறது. ஒரே வெப்பநிலை ஐந்து இடத்தில் ஐந்து பெயரில் உட்கார்ந்திருக்கிறது. இதை ஐந்து வரியாக எழுதுவதா, ஒன்றாகவா? இதே வேலையைச் செய்தவர்கள் எந்த அளவுகோலில் பிரித்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஜூரோங் தீவு பழைய கை | இரவு 11:58

தம்பி, இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். டிசிஎஸ் என்பது ஒரே வேலிக்குள் இருக்கும் ஆலைக்காகப் பிறந்தது. 1975-இல் ஹனிவெல் டிடிசி 2000-ஐயும் யோகோகாவா சென்டமையும் கொண்டுவந்தன. கட்டுப்பாட்டை ஒரே பெரிய கணினியில் குவிக்காமல் பல கன்ட்ரோலர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஆபரேட்டருக்கு மட்டும் ஒரே திரையில் காட்டுவது; 'டிஸ்ட்ரிபியூட்டட்' என்ற சொல் அதற்குத்தான் வந்தது. கேபிள் நம்முடையது, தூரம் குறைவு, லிங்க் அறுவது அபூர்வம்.

ஸ்காடா பிறந்த வீடு வேறு. பைப்லைன், மின்கம்பி, நீரேற்று நிலையம் என்று மைல் கணக்கில் பரந்து கிடக்கிறவற்றுக்கு வந்தது. ரேடியோவோ வாடகைத் தொலைபேசிக் கம்பியோ எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்டியது. அதனால்தான் தொலைவில் நிற்கும் ஆர்டியு என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி தன் பாட்டுக்கு ஓடும், மைய அறை கேட்கும்போது சொல்லும். பிஎம்எஸ் கட்டடத்துக்கு. ஐஓடி என்ற பெயர் கடைசியாக வந்து சேர்ந்தது.

ஆக இவை பிறந்த இடத்தின் பெயர்கள். இன்றைக்கு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை. டிசிஎஸ் விற்கிறவரே ஸ்காடாவும் விற்கிறார், ஸ்காடா விற்கிறவர் கிளவுடும் விற்கிறார். விளம்பரத் தாளில் இருக்கிற பெயரைப் பார்த்து வகை பிரிக்காதே.

பொங்கோல் டேட்டா | நள்ளிரவு 12:10

எனக்கு இந்தப் பிரிவினையே தேவையில்லை என்று தோன்றுகிறது. நான் கிளவுட் பக்கம் வேலை செய்கிறேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: ஒரு கருவி மதிப்பை வெளியிடுகிறது, நடுவில் ஒரு புரோக்கர் வாங்கி வைக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார். இப்படிச் செய்தி அனுப்பும் எம்க்யூடிடியை வீட்டு விளக்குக்கு வந்த புரோட்டகால் (தொடர்பு மொழி) என்று பலர் நினைக்கிறார்கள். 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் அதை உருவாக்கியதே எண்ணெய்க் குழாய்வழிகளின் டேட்டாவைச் செயற்கைக்கோள் லிங்க் வழியாகச் சிக்கனமாகக் கொண்டுவரத்தான். அதாவது ஐஓடியின் அடையாளம் என்று எல்லாரும் சொல்கிற புரோட்டகாலே ஸ்காடா வேலைக்காகப் பிறந்தது! அப்படியிருக்கும்போது நடுவில் எங்கே கோடு போடுவது? 43 வரிக்கும் 'டேட்டா மூலம்' என்று ஒரே பெயர் வைத்து, புரோட்டகால், எத்தனை டேக் (பெயரிட்ட அளவீடு), எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்று எழுதினால் போதாதா?

சில்லர் அறை | நள்ளிரவு 12:31

போதாது தம்பி. ஏன் என்று நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் பிளான்ட்டுக்கு ஏற்கெனவே பிஎம்எஸ் இருந்தது. இங்கே சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களில் ஒரு டன் குளிர்ச்சிக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று நிரந்தரமாக அளந்துகொண்டே இருக்க வேண்டும், எஸ்எஸ் 591 என்ற தரநிலையே அதற்கு இருக்கிறது, நிமிடத்துக்கு ஒரு பதிவு வைப்போம். அந்த டேட்டாவை எடுத்து ஆராய்ந்து சேமிப்பு யோசனை சொல்வதாக ஒரு நிறுவனம் வந்தது. கருவிகளின் டேட்டாவை வெளியே அனுப்பும் ஒரு கேட்வே பெட்டி, ஒரு 4ஜி ரவுட்டர், அவ்வளவுதான். எங்கள் பட்டியலில் அதை 'ஐஓடி, பார்வைக்கு மட்டும்' என்று எழுதினோம். எழுதியது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் புகார் வர ஆரம்பித்தது. லிஃப்ட் லாபியில் கண்ணாடி வேர்க்கிறது, மேல் மாடிகளில் புழுக்கம். சில்லர் அறைக்குப் போனால் இயந்திரங்கள் சோம்பலாக ஓடுகின்றன, குளிர்நீர் 9.5 டிகிரியில் வெளியேறுகிறது. பிஎம்எஸ் திரையில் செட்பாயிண்ட்டை, அதாவது எட்ட வேண்டிய வெப்பநிலையை, 7 என்று அடித்தேன். திரை ஏற்றுக்கொண்டது. இரண்டு விநாடி கழித்துப் பார்த்தால் மறுபடியும் 9.5. திரும்ப அடித்தேன், திரும்ப 9.5. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது கை நடுங்கிவிட்டது, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கட்டடக் கருவிகள் பேசும் பேக்நெட் புரோட்டகால் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதில் ஒரு செட்பாயிண்ட்டுக்கு 16 முன்னுரிமை இடங்கள் உண்டு, 1 மிக மேலே, 16 அடியில். எந்த இடத்தில் எண் இருக்கிறதோ அவற்றில் மேலே இருப்பதுதான் செல்லும். அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். எங்கள் பிஎம்எஸ் 16-ஆம் இடத்தில் 7 என்று எழுதியிருக்கிறது. 8-ஆம் இடத்தில், அதாவது மனித ஆபரேட்டர் கையால் மாற்றும்போது எழுத வேண்டிய இடத்தில், 9.5 உட்கார்ந்திருக்கிறது. மற்ற 14 இடமும் காலி. வார இறுதியில் ஆள் குறைவு என்று கணக்குப் போட்டு அந்தக் கேட்வே செட்பாயிண்ட்டை ஏற்றியிருக்கிறது; திங்கள் விடிவதற்குள் அதை விடுவிக்க வேண்டிய கட்டளை வரவே இல்லை, ஏனென்றால் ஞாயிறு மாலையே 4ஜி இணைப்பு போய்விட்டது. பேக்நெட்டில் எழுதியவர் செத்தாலும் எழுதியது சாகாது. அவர் வந்து அந்த இடத்தைக் காலி செய்யும்வரை அப்படியே நிற்கும்.

8-ஆம் இடத்தைக் காலி செய்தேன். சில்லரின் சத்தம் ஏறுவது காதுக்கே கேட்டது. 'பார்வைக்கு மட்டும்' என்று நான் எழுதிய அமைப்பு எங்கள் பிஎம்எஸ்ஸைவிட எட்டு படி மேலே உட்கார்ந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. ஒப்பந்தத் தாளில் எங்கேயோ 'மேம்படுத்தல் வசதி' என்று ஒரு வரி இருந்திருக்கிறது, அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்த அமைப்பு வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது படிக்க மட்டுமா, எழுதவும் முடியுமா? புரோட்டகாலும் டேக் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு.

துவாஸ் இரவுப்பணி | நள்ளிரவு 12:44

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. என் பட்டியலில் 'பார்வைக்கு மட்டும்' என்று 22 வரி இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் சோதித்துப் பார்க்கவில்லை, விற்றவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். 'எழுத முடியும்' என்பதும் 'எழுதுகிறது' என்பதும் வேறு வேறு அல்லவா? மோட்பஸ் பேசும் பெட்டி எதுவானாலும் எழுத முடியும்தானே, எழுதாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சில்லர் அறை | நள்ளிரவு 12:52

சரியாகப் பிடித்தீர்கள். மோட்பஸ்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. 3, 4 என்றால் படிப்பு. 5, 6, 15, 16 என்றால் எழுத்து. யார் கேட்கிறார்கள் என்று அது விசாரிப்பதே இல்லை, கடவுச்சொல்லும் கிடையாது, கம்பியில் வந்து சொன்னவர் சொல்வதைச் செய்யும். அதனால் 'எழுதுவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள்' என்பதை ஒரு வகையாகவும், 'எழுத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது' என்பதை இன்னொரு வகையாகவும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் நான் செய்த தவறுதான் உங்களுக்கும்.

குழாய்வழி | காலை 6:15

இரவு நடந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். எழுத்து பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் படிக்க மட்டுமே செய்கிற அமைப்புகளுக்குள்ளும் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. எண் பழசாகிவிட்டால் அந்த அமைப்புக்கு அது தெரியுமா, தெரியாதா?

நீர் வேலையில் நாங்கள் டிஎன்பி3 என்ற புரோட்டகாலைப் பயன்படுத்திப் பழகியவர்கள். 1993-இல் கனடாவில் வந்தது, மின்சாரத் துறைக்கென்று. அதில் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு கொடி வரும்: கருவி உயிரோடு இருக்கிறதா, தொடர்பு போய்விட்டதா, யாராவது கையால் திணித்த எண்ணா. மாற்றம் நடந்த நேரத்தை ஆர்டியுவே குறித்து வைக்கும். லிங்க் இரண்டு மணி நேரம் அறுந்திருந்தால், வந்தவுடன் அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததை வரிசையாக ஒப்பிக்கும். மோட்பஸ்ஸில் இது எதுவும் கிடையாது. 16 பிட் ரெஜிஸ்டரில், அதாவது ஒரு நினைவுக் கட்டத்தில், ஓர் எண் இருக்கிறது, அவ்வளவே. அது இப்போதைய எண்ணா, செத்துப்போன சென்சார் கடைசியாக விட்டுச் சென்ற எண்ணா என்று ரெஜிஸ்டருக்குத் தெரியாது.

ஒரு மொட்டைமாடித் தொட்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். டேஷ்போர்டில் நீர்மட்டம் 2.41 மீட்டர், பச்சை நிறம். காலையில் 2.41, மதியம் 2.41, மாலையில் 2.41. கட்டடத்தில் ஆயிரம் பேர் தண்ணீர் பயன்படுத்துகிறார்கள், மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட அசையவில்லை, ஆனால் பச்சையாக இருக்கிறதே என்று யாரும் சந்தேகப்படவில்லை. மேலே ஏறி மூடியைத் திறந்து அளவுநாடாவை இறக்கினால் 90 சென்டிமீட்டர்தான் இருந்தது. சென்சாரின் கம்பி உப்புப் பூத்து அறுந்திருக்கிறது. கேட்வே கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு பத்து விநாடிக்கு ஒருமுறை அதையே புத்தம் புதிதுபோல அனுப்பிக்கொண்டிருந்தது, புதிய நேர முத்திரையும் குத்தி! நேரத்தைப் பார்த்தால் பழசு என்றே தெரியாது.

அதனால் நேர முத்திரை விழும் இடம் எது என்று கேளுங்கள். கருவியிலா, கேட்வேயிலா, கிளவுடிலா? கருவியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவுக்கு அந்த எண் மேல் நம்பிக்கை குறைய வேண்டும்.

துவாஸ் இரவுப்பணி | காலை 6:40

நேர முத்திரை என்றதும் எங்கள் கதை ஞாபகம் வருகிறது. மின்மீட்டர் கேட்வே ஒன்று உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சிங்கப்பூர் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால். காலை 11 மணி உச்சச் சுமை அறிக்கையில் விடியற்காலை 3 மணிக்கு வந்தது. இரண்டு மாதம் இரவுப்பணி ஆட்களை 'மூன்று மணிக்கு எதை ஓட்டுகிறீர்கள்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இங்கே மின் சந்தையின் கணக்கு அரைமணி அரைமணியாக, நாளுக்கு 48 துண்டு. ஒரு துண்டு தள்ளிப்போனாலே கணக்கு பிசகும், எங்களுக்கு 16 துண்டு தள்ளிப்போயிருந்தது. நாங்கள் செய்யாததற்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொங்கோல் டேட்டா | காலை 9:05

குழாய்வழி அண்ணன் சொன்ன 2.41 எங்கள் பக்கமும் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். எம்க்யூடிடியில் 'ரீட்டெய்ன்' என்று ஒரு வசதி உண்டு, புதிதாக வந்து கேட்பவருக்குப் புரோக்கர் கடைசி மதிப்பை எடுத்து நீட்டும். அது நேற்றையதா போன மாதத்துடையதா என்று மதிப்புக்குள்ளேயே நேரம் வைத்திருந்தால் ஒழிய தெரியாது. இதற்காகத்தான் ஸ்பார்க்பிளக் என்ற வரையறை வந்தது, இப்போது அது ஐஎஸ்ஓ/ஐஇசி 20237 என்ற சர்வதேசத் தரநிலையாகவே இருக்கிறது. கருவி இணைந்தவுடன் பிறப்புச் செய்தி, தொடர்பு அறுந்தால் அதன் சார்பில் புரோக்கரே அனுப்பும் இறப்புச் செய்தி. இறப்பு வந்துவிட்டால் அந்தக் கருவியின் எல்லா டேக்கும் 'பழசு' என்று குறிக்கப்படும்.

ஆனால் கவனியுங்கள், கேட்வே உயிரோடு இருந்து அதன் பின்னால் சென்சார் செத்தால், கேட்வே அதைக் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. அந்தத் தொட்டி விஷயத்தில் ஸ்பார்க்பிளக் இருந்திருந்தாலும் கேட்வே ஒழுங்காக எழுதப்படாவிட்டால் பச்சைதான் காட்டியிருக்கும். ஆக நான் நேற்றுச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எல்லாம் 'டேட்டா மூலம்' என்று ஒரே பெயரில் அடைத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

ஹிஸ்டோரியன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பலர் வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்து வகைப்படுத்துகிறார்கள். பல ஹிஸ்டோரியன்கள் வந்த எல்லா எண்ணையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகாத புள்ளிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, நாம் கேட்கும்போது இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போட்டுக் காட்டும். அந்த விலகல் அளவைப் பத்து வருடத்துக்கு முன் யாரோ இடத்தைச் சேமிக்க ஏற்றி வைத்திருப்பார்கள். இன்று அந்த டேட்டாவை வைத்து நான் பழுதைக் கணிக்க மாடல் எழுதினால், அது கற்றுக்கொள்வது இயந்திரத்தின் நடத்தையை அல்ல, ஹிஸ்டோரியன் வரைந்த கோட்டை. 'மூல டேட்டாவா, குறைக்கப்பட்டதா' என்பதையும் பட்டியலில் எழுதுங்கள்.

கதவுத்தாழ் | காலை 10:20

நான் பாதுகாப்புப் பக்கம். முதலில் தலைமையகத்துத் தாளைப் பற்றி. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் 800-82 வழிகாட்டி 2023 செப்டம்பரில் மூன்றாம் முறை திருத்தப்பட்டபோது அதன் தலைப்பே மாறியது, 'தொழில்துறைக் கட்டுப்பாட்டு அமைப்புகள்' போய் 'இயக்கத் தொழில்நுட்பம்' வந்தது. ஸ்காடா, டிசிஎஸ்ஸோடு கட்டடத் தானியக்கம், கதவு அனுமதி அமைப்பு, தொழில்துறை ஐஓடி எல்லாம் அதில் வருகின்றன. உங்கள் ஐந்து தேர்வும் ஏறக்குறைய அந்த வரிசைதான். விளக்குவதற்கு அது நல்ல வரிசை, பட்டியல் போட உதவாது, ஏனென்றால் அவை ஒன்றின் மேல் ஒன்று படிகிற பெயர்கள்.

இன்னொரு பழைய முறை பெர்டியூ மாடல். பெர்டியூ பல்கலைக்கழகத்தின் தியடோர் வில்லியம்ஸ் குழுவிலிருந்து வந்தது. தளம் 0-இல் கருவி, 1-இல் கன்ட்ரோலர், 2-இல் மேற்பார்வை, 3-இல் ஆலை நிர்வாகம், 4-இல் அலுவலகம். டேட்டா படிப்படியாக மேலே ஏறும். அந்த சிம் போட்ட கம்பிரசர் பெட்டி இந்த ஏணியில் எங்கே நிற்கும்? தளம் 0-இலிருந்து நேராக ஆலைக்கு வெளியே குதிக்கிறது. படிகளையே மிதிக்காத அமைப்புக்கு எந்தப் படி எண் கொடுப்பது?

நான் ஐஇசி 62443 என்ற பாதுகாப்புத் தரநிலை சொல்கிற வழியில் போகிறேன்: அடுக்கை விட்டுவிட்டு மண்டலம், மண்டலங்களுக்கு நடுவே குழாய். ஒரே மாதிரிப் பாதுகாப்பு வேண்டியவை ஒரு மண்டலம், ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு எது போகிறதோ அது குழாய். உங்கள் 43 வரியில் பெரும்பாலானவை அமைப்பே அல்ல, குழாய்கள் என்று கண்டுபிடிப்பீர்கள். அந்த ஒரே வெப்பநிலை ஐந்து இடத்தில் இருப்பதாகச் சொன்னீர்களே, அதில் இயந்திரம் ஒன்று, குழாய்கள் இரண்டு: உங்கள் நெட்வொர்க் வழியாக ஒன்று, சிம் வழியாக ஒன்று. இரண்டாவது குழாயின் மறுமுனை உங்கள் கையில் இல்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே 2018 இணையப் பாதுகாப்புச் சட்டம் ஓர் அமைப்பின் பெயர் ஸ்காடாவா ஐஓடியா என்று கேட்பதில்லை. அத்தியாவசியச் சேவை தொடர்ந்து கிடைக்க அது தேவையா என்றுதான் கேட்கிறது. மின்சாரம், நீர், போக்குவரத்து, சுகாதாரம் என்று 11 துறைகள். உங்கள் ஆலை அதில் வராமல் போகலாம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி: இது போனால் எது நிற்கும்?

எழுத்து அனுமதியை லேசாக எடுப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷையர் போதும். 2000-இல் ஒருவர் ரேடியோக் கருவியை வைத்துக் கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஓடையிலும் பூங்காவிலும் கலந்தது. அந்த அமைப்பு கட்டளை அனுப்பியவர் யார் என்று விசாரிக்கவில்லை, அக்கா சொன்ன மோட்பஸ் மாதிரியே.

ஜூரோங் தீவு பழைய கை | காலை 11:02

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள். ஓர் இடத்தில் மட்டும் உடன்படமாட்டேன். எழுத முடியாத அமைப்பு ஆபத்து குறைந்தது என்ற எண்ணம் இழை முழுக்க ஓடுகிறது. குழாய்வழி சொன்ன தொட்டியை மறுபடி பாருங்கள். அந்த டேஷ்போர்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை, ஆனால் அதைப் பார்த்து ஒரு மனிதர் 'பம்ப் ஓட வேண்டாம்' என்று முடிவெடுத்தார் அல்லவா? எழுதியது மனிதரின் கை, எழுத வைத்தது அந்த எண்.

நம் ஊரிலேயே தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஸ்வாட் என்று ஒரு சோதனை நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, 2015-லிருந்து. ஆறு கட்டங்களாக நிஜமாகவே தண்ணீரைச் சுத்திகரிக்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு அவர்கள் கொடுத்த டேட்டாவில் 11 நாள் பதிவு, 51 சென்சாரும் இயக்கியும், ஏழு நாள் சாதாரண ஓட்டம், நான்கு நாள் தாக்குதல். அந்தத் தாக்குதல்களில் சில சென்சார் மதிப்பைப் பொய்யாகக் காட்டுவதுதான். நீர்மட்டம் வேறு, திரையில் வேறு. அந்தப் பொய்யை நம்பிக் கட்டுப்பாடு தானே தவறைச் செய்யும். யாரும் பம்புக்குக் கட்டளை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

அதனால் 'எழுதுமா' என்பதோடு நிறுத்தாதே தம்பி. 'இந்த எண்ணைப் பார்த்து யார் கை நீட்டுகிறார்கள்' என்றும் எழுது. அலாரம் பார்க்கிற ஆபரேட்டரா, மாதக் கடைசியில் அறிக்கை போடுகிறவரா, இன்னொரு கன்ட்ரோலரா? ஒரே சென்சாராக இருந்தாலும் பார்க்கிறவர் மாறினால் வகை மாறும்.

சில்லர் அறை | காலை 11:30

அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கட்டடத்தில் பாதுகாவலர் மேசையில் ஒரு டேஷ்போர்டு இருக்கிறது, வெறும் காட்சிக்கு என்று வைத்தது. இப்போது அவர்தான் அதைப் பார்த்து இரவில் எங்களை எழுப்புகிறார். வைத்த நாளில் அது அலங்காரம், இன்று அது அலாரம். பட்டியலில் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

துவாஸ் இரவுப்பணி | நான்கு நாள் கழித்து, இரவு 10:55

திரும்பி வந்துவிட்டேன், கையில் கொஞ்சம் முடிவுகளோடு.

ஐந்து தேர்வுக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன், தலைமையகத்துக்கு அது வேண்டுமாம். அதன் பக்கத்தில் நாங்களே கட்டங்கள் சேர்த்தோம்: எழுதுமா, எழுத்தைத் தடுப்பது என்ன, லிங்க் அறுந்தால் எது நிற்கும், நேர முத்திரை எங்கே விழுகிறது, பழைய எண் என்று தெரியுமா, யார் கை நீட்டுகிறார், மறுமுனை யாருடையது. 43 வரி 31 ஆகிவிட்டது, ஏனென்றால் கதவுத்தாழ் சொன்ன மாதிரி 12 வரி தனி அமைப்பே இல்லை, வேறொன்றின் குழாய். புதிய கட்டங்களை வைத்துப் பார்த்தால் 'மற்றவை' என்ற பேச்சே எழவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் என்ன செய்கிறது என்று தெரிகிறதே. கடைசிக் கட்டம்தான் கஷ்டம், ஆறு வரிக்கு மறுமுனை யாருடையது என்று இன்னும் பதில் கிடைக்கவில்லை. விற்ற நிறுவனம் கைமாறியிருக்கிறது, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை.

'பார்வைக்கு மட்டும்' என்று இருந்த 22-ஐயும் சோதிக்க ஆரம்பித்தோம். சுவிட்ச்சில் ஒரு போர்ட்டைப் பிரதி எடுக்க வைத்து, மடிக்கணினியைச் செருகி, இரவு முழுக்க என்ன பேசுகிறார்கள் என்று கேட்டோம். 3, 3, 4, 3 என்று படிப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது இரவு 2 மணி 10 நிமிடத்துக்கு 27-ஆம் வரியிடமிருந்து ஒரு 6 வந்தது. சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கையேட்டை எடுத்து ரெஜிஸ்டர் எண்ணைத் தேடினோம்: அலாரத்தை அழிக்கும் ரெஜிஸ்டர். அந்தப் பெட்டி தினமும் விடியற்காலையில் கம்பிரசர் அலாரத்தைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறது. காலை ஷிஃப்ட் வந்து பார்க்கும்போது திரை சுத்தமாக இருக்கும். இரவில் எண்ணெய் வெப்பம் எகிறியதாக நாங்கள் புத்தகத்தில் எழுதி வைத்ததை 'திரையில் எதுவும் இல்லையே' என்று பகல் ஆட்கள் ஏன் நம்பவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அந்தப் பெட்டிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஃபயர்வாலில் 3-ஐயும் 4-ஐயும் மட்டும் விடச் சொல்லி மாற்றியாயிற்று. நேற்றிரவு 2:10-க்கு 6 வந்தது, தடுத்ததாகப் பதிவும் இருக்கிறது. காலையில் அலாரம் திரையிலேயே நின்றது. இரண்டாவது கம்பிரசர், எண்ணெய் வெப்பம். பகல் ஷிஃப்ட் ஆள் கூலரைக் கழற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்.

இன்னும் 17 வரி சோதிக்க வேண்டியிருக்கிறது. இன்றிரவு 28-இலிருந்து.